ஆறு கோது, ஐந்து ஓட்டை

செப்டெம்பர் 1994. ஞாயிற்றுக்கிழமை. என் மனைவி ஜோசப்பின் இறந்து அன்றோடு ஒரு வருடம்.

பூசை பதினொன்றரைக்கு முடிந்தது. மதியச் சாப்பாடு ஸ்காபரோவில், மல்வேர்ன் பகுதியில், மரியரட்ணம் குடியிருந்த கட்டடத்துப் பார்ட்டி றூமில். மரியரட்ணம் ஜோசப்பினின் அண்ணன். எல்லாவற்றையும் அவனே ஒழுங்கு செய்தான். எனக்கு ஒரு வேலைதான் தந்தான். வாசலில் நின்று, வருகிறவர்களுக்கு நினைவு அட்டை கொடுப்பது. அட்டையின் ஒரு பக்கம் அவளுடைய படம், பெயர், இரண்டு தேதிகள். மறுபக்கம் வெறுமை.

இருபது முப்பது அட்டை கொடுத்திருப்பேன். கிறிஸ்துநாயகம் அங்கிள் வந்தார். ஊரில் தபாலதிபராக இருந்தவர். கையில் எதைக் கொடுத்தாலும் இரண்டு பக்கமும் பார்ப்பார். அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"என்னடாப்பா இது? பிள்ளையின்ர அட்டையை எலி திண்டிருக்கு."

"எங்க அங்கிள்?"

"உங்க பார். வெளிச்சம் வருது. ஒண்டு, ரெண்டு... அஞ்சு ஓட்டை. ஃபைலில கோத்து வைக்கச் சொல்லியோ அச்சடிச்சவன் தந்தவன்?"

பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்துவிட்டு, இடம் நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்கள்.

அட்டையைத் திரும்ப வாங்கினேன். நான்கு ஓட்டைகள் ஓரத்தில். ஒன்று அவளுடைய சேலைத் தோளில். எண்ணினேன். ஐந்து. திருப்பிப் பிடித்து எண்ணினேன். ஐந்து.

ஆறு இருக்க வேண்டும்.

*

முதல் நாள் சனிக்கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டும்.

ஜோசப்பின் இறந்தபின் தொழிற்சாலை வேலையை விட்டேன். ஜவ்ஃபர் நானாவின் தோட்டத்தில் சேர்ந்தேன். நானா கல்முனை முஸ்லிம்; அங்கே அண்ணனை நானா என்பார்கள். கிழமை நாட்களில் வீடுகளுக்குத் தண்ணீர்க்குழாய் பொருத்துவார். ஒஷாவாவுக்கு வடக்கே கொஞ்ச நிலம் குத்தகைக்கு எடுத்திருந்தார். இரண்டு பிளாஸ்டிக் கூடாரம், வெளியே பயற்றை, வெண்டி, கீரை. ஸ்காபரோ தமிழ்க் கடைகளுக்குப் போகும். அங்கே யாரும் என்னிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்பதில்லை. அதுதான் அந்த வேலையில் எனக்குப் பிடித்தது.

அந்த வருடம் ஒரு கிரவுண்ட்ஹொக் வந்தது. பூனையைவிடப் பெரியது, கொழுத்தது, மண்ணுக்குள் வளை தோண்டி இருப்பது. மூன்று வரிசைப் பயற்றையை அடியோடு தின்றது. நானாவிடம் ட்வென்டி-டூ துவக்கு ஒன்று இருந்தது. சின்னத் துவக்கு. அதற்கு அனுமதிப் பத்திரமும் வைத்திருந்தார். முதல் தடவை சுட்டபோது தவறிவிட்டது. பக்கத்துப் பண்ணையில் ஒரு குதிரை வெருண்டு வேலியை உதைத்து உடைத்தது. குதிரைக்காரி வந்து, இன்னொரு முறை அந்தச் சத்தம் கேட்டால் பொலிஸ் வரும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"தம்பி, நீ கெமிஸ்றி படிச்ச ஆளுதானே," என்றார் நானா. "இந்தச் சத்தத்தக் கொறைக்க ஒரு வழி பாரன்."

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்தேன். அது உண்மை. துவக்கு ரவை பற்றி எனக்கு எதுவும் தெரியாது. ஆனால் வேலை நுணுக்கமானது. இரண்டு பின்னேரங்கள் வேறு எதையும் நினைக்காமல் இருக்கலாம். ஆகவே ஒப்புக்கொண்டேன்.

ஒரு பெட்டி ரவையில் ஐம்பது. ஒவ்வொன்றிலும் முன்னால் இருக்கும் ஈயச் சன்னத்தைக் கழற்றி, உள்ளே இருந்த வெடிமருந்தைக் குறைத்து, திரும்பச் சொருகினேன். எப்படி, எவ்வளவு என்று எழுத மாட்டேன். யாரும் செய்யத் தேவையில்லாத வேலை அது. சத்தம் குறைந்த ரவையைக் கடையிலேயே விற்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. கேட்டிருந்தால் கடைக்காரன் சொல்லியிருப்பான். நாங்கள் இரண்டு பேரும் கேட்கவில்லை.

சனி பின்னேரம் ஆறு ரவைகளைச் சுட்டுப் பார்த்தோம். குறி வைக்க ஒரு தாள் வேண்டியிருந்தது. அச்சகத்தில் இருந்து எடுத்துவந்த நினைவு அட்டைப் பெட்டி ட்ரக்கில் கிடந்தது. ஒரு அட்டையை எடுத்தேன். முகம் உட்பக்கம், வெள்ளைப் பக்கம் வெளியே இருக்கும்படி மண் நிரப்பிய மரப்பெட்டியில் குத்தினேன். அதை யோசித்து எடுக்கவில்லை. கைக்கு வந்தது. அந்த ஒரு வருடம் நான் அப்படித்தான் இருந்தேன்.

பதினைந்து அடி தூரம். துவக்கு உரச்சாக்கில் ஊன்றியிருந்தது. ஐந்து ரவைகள் கை தட்டுகிற அளவில் வெடித்தன. ஆறாவது 'ப்ஸ்' என்றது. சோடாப் போத்தலின் மூடியைக் கழற்றுகிற மாதிரி.

"அட, இது கொட்டாவி விடுது!" என்றார் நானா. "இதுதான் சரி. இனிச் செய்யிறதெல்லாம் இந்த ஆறாவதப் போல செய் தம்பி. குதிர என்ன, குதிரயில குந்தின ஈயும் எழும்பாது."

எனக்கும் அது நல்ல சத்தமாகத்தான் பட்டது. ஊரில் சத்தத்தை நாங்கள் அப்படித்தான் பிரித்து வைத்திருந்தோம். பெரிய சத்தம் என்றால் பக்கத்தில், பங்கருக்குள் இறங்கு. சின்னச் சத்தம் என்றால் தூரத்தில், சோற்றைச் சாப்பிடு. பத்து வருட யுத்தத்தில் அப்படிப் பழகிய காது. கல்முனையிலும் அதே பழக்கம்தான். எங்கள் இருவருக்கும் மெல்லிய சத்தம் என்றால் ஆபத்து இல்லை. வேறு ஊரில் பிறந்தவன் யாராவது பக்கத்தில் நின்றிருந்தால், 'ஏன் அது மட்டும் வேறு மாதிரி?' என்று கேட்டிருப்பான்.

இருட்டத் தொடங்கியது. றசீனா, நானாவின் மனைவி, ட்ரக்கின் ஹோர்ணை அடித்தார். அட்டையைப் பிடுங்கிப் பெட்டிக்குள் போட்டேன். சுட்ட ரவைகளின் வெற்றுக் கோதுகளைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டேன். மாற்றிச் செய்ததில் மிச்சம் நாற்பத்து நான்கையும் துவக்கையும் நானா கொட்டிலில் இருந்த இரும்பு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

"நாளைக்குப் பகல் லுஹர் தொழுதிட்டு வந்து அவன முடிக்கிறன்," என்றார். கிரவுண்ட்ஹொக்கைத்தான் சொன்னார்; அதை அவர் துரை என்பார். "ரெண்டு மணிக்குத்தான் துரை வெளிய வருவார். முடிச்சிட்டு உன்ட சாப்பாட்டுக்கு நானும் றசீனாவும் மூணு மூண்டரைக்கு வாறம்."

ஞாயிறு காலை, சவரம் செய்யும்போது, கோதுகள் யன்னல் விளிம்பில் வரிசையாக நின்றன. நான்தான் இரவு நிறுத்தியிருக்க வேண்டும். எண்ணினேன். எண்ணுவது அந்த வருடம் வந்த பழக்கம். ஆறு.

*

ஆறு கோது. ஐந்து ஓட்டை.

ஆறாவது சன்னம் அட்டைக்குப் பக்கத்தால் போயிருக்கலாம். இரண்டு சன்னம் ஒரே ஓட்டையால் போயிருக்கலாம். வாசலில் நின்றபடி இரண்டையும் நம்பிப் பார்த்தேன். பதினைந்து அடியில் தவறாது. ஓட்டைகள் ஐந்தும் வட்டமாக, ஒரே அளவில் இருந்தன. மிச்சம் இருந்தது ஒன்றுதான். ஆறாவதில் மருந்து போதவில்லை. சன்னம் குழலைவிட்டு வெளியே வரவில்லை. அது இன்னும் உள்ளே இறுகி நிற்கிறது.

அடுத்த ரவை அதன் மேல் போய் மோதும். குழல் பிளக்கும். துவக்கில் கன்னத்தை வைத்திருப்பவருடைய கண்ணுக்கும் குழலுக்கும் இடையில் ஒரு சாண்கூட இல்லை.

மணி பன்னிரண்டு நாற்பது. நானா இரண்டு மணிக்குச் சுடுவார்.

அட்டைப் பெட்டியை அங்கிளின் கையில் கொடுத்தேன்.

"இதைக் கொஞ்சம் பிடியுங்கோ."

"எங்க போறாய்? ஆக்கள் வந்துகொண்டெல்லே இருக்கினம்."

கட்டடப் பொறுப்பாளரின் அறையில் தொலைபேசி இருந்தது. நானாவின் வீட்டுக்கு எடுத்தேன். பதில் சொல்லும் இயந்திரத்தில் றசீனாவின் குரல், செய்தியை விடச் சொன்னது. விட்டேன். தோட்டத்தில் தொலைபேசி இல்லை. நானாவிடம் பேஜர் இருந்தது. அந்த அறைத் தொலைபேசியின் இலக்கத்தை அனுப்பினேன். பின்னால் 911 என்று சேர்த்தேன். அவசரம் என்றால் அப்படிச் சேர்ப்பது வழக்கம். ஐந்து நிமிடம் பார்த்தேன். மறுபடி அனுப்பினேன். மூன்றாம் முறையும் அனுப்பினேன். தொலைபேசி அடிக்கவில்லை.

உண்மையான 911ஐ, பொலிஸை, எடுக்கலாமா என்று யோசித்தேன். ரிசீவர் கையில்தான் இருந்தது. என்ன சொல்வது? ஒரு வயலில் ஒருவர் துவக்கோடு நிற்கிறார் என்றா? சைரனோடு வருவார்கள். நானா திரும்புவார், கையில் துவக்கோடு, தாடியோடு. அவர்கள் முதலில் கேட்பார்களா, முதலில் சுடுவார்களா? எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை இன்னும் கூட்ட விரும்பவில்லை. ரிசீவரை வைத்தேன். அது சரியா பிழையா என்று இன்றும் தெரியாது.

மரியரட்ணம் சமையல் கிடாரங்களுக்குப் பக்கத்தில் நின்றான். வேட்டியை மடித்துக் கட்டி, கையில் கரண்டி.

"மச்சான், கார்ச் சாவியைத் தா."

"ஏன், ஐஸ் காணாதோ?"

"ஒஷாவாவுக்குப் போகவேணும். ஜவ்ஃபர் நானாவின்ர தோட்டத்துக்கு."

"இப்பவோ? உனக்கென்ன விசரே? ஃபாதர் வந்து சாப்பாட்டை ஆசீர்வதிக்கப் போறார். நீதானே பக்கத்தில நிக்கவேணும்."

"துவக்கில ஒரு பிழை. அவர் சுடமுன்னம் போகவேணும்."

கரண்டி நின்றது.

"துவக்கோ?"

"ஓம்."

"நீ துவக்குத் தொடுறனியோ?"

"ஓம்."

அவன் என்னைப் பார்த்த விதம் எனக்குப் புரிந்தது. போன வருடம் செத்தவீடு முடிந்த மறுநாள், என் வீட்டுக் குளியலறையில் இருந்த நித்திரைக் குளிசைகளைச் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போனவன் அவன். பல்கனிக் கதவுக்கு மேல்கொக்கி போட்டவனும் அவன்தான். ஐந்தாம் மாடி. காற்றுக்கு என்று சொன்னான்.

"சாவி தரமாட்டன்," என்றான். "நான் ஓடுறன். நீ பக்கத்தில இரு."

கரண்டியை யாரிடமோ கொடுத்தான். வேட்டியோடே வந்தான். வாசலில் கிறிஸ்துநாயகம் அங்கிள் வழியை மறித்தார்.

"ரெண்டு பேருமோ? டேய், சோத்தை ஆர் தொடங்கிறது?"

"நாங்கள் வாறம் அங்கிள். பொறுங்கோ."

"மனிசன்காரன் இல்லாமல் ஒருத்தரும் கை வைக்கேலாது. பசி கிடக்கிற சனத்தை நான் என்னெண்டு பிடிச்சு வைக்கிறது?"

மணி ஒன்று ஐந்து.

*

மோர்னிங்சைட்டில் நெடுஞ்சாலையில் ஏறினோம். நாற்பது நிமிடப் பயணம். மரியரட்ணம் ஒழுங்கான ஓட்டுநர், நூறுக்கு மேலே போகமாட்டான். அன்று நூற்றிருபதில் போனான். முன்கண்ணாடியில் தொங்கிய செபமாலை ஆடியது.

"விளங்கச் சொல்லு," என்றான்.

சொன்னேன். ரவை, மருந்து, ஆறாவது சத்தம், அட்டை. சுருக்கமாகச் சொன்னேன். அட்டை என்ற இடத்தில் அவன் திரும்பினான்.

"தங்கச்சியின்ர அட்டையிலயோ சுட்டனி?"

"பின்பக்கம்."

அவன் ஒரு லொறியை முந்தினான். பிறகு, "பின்பக்கம் எண்டா ஓட்டை முன்பக்கம் வராதோ?" என்றான்.

ஆடிய செபமாலையைப் பிடித்து நிறுத்தினேன்.

ஏஜக்ஸ் தாண்டியதும் வீதி வேலை. ஆரஞ்சுப் பீப்பாய்கள் இரண்டு லேனை அடைத்திருந்தன. வாகனங்கள் நின்றன. ஒன்று இருபத்தேழு. ஒன்று முப்பத்தொன்று. பக்கத்துக் காரில் ஒரு பெண் உதட்டுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள்.

மனதுக்குள் கணக்குப் போட்டேன். நானா சொன்ன நேரம் இரண்டு. ஆனால் அந்தப் பிராணிக்கு மணிக்கூடு இல்லை. வெயில் இருந்தால் முந்தியே வரும். வெயில் இருந்தது. நானா லுஹரை வீட்டில் தொழுதிருந்தால் இப்போதுதான் புறப்பட்டிருப்பார். தோட்டத்தில் தொழுவதாக இருந்தால் ஏற்கெனவே அங்கே இருக்கிறார். அலுமாரியைத் திறந்துவிட்டார். சாக்குக்குப் பின்னால் படுத்துவிட்டார்.

நானா படுத்துக் குறிபார்க்கும்போது வாயைத் திறந்து வைத்திருப்பார். அது ஏனோ நினைவு வந்தது. போகவில்லை.

"ராசா," என்றான் மரியரட்ணம். முன்னால் பார்த்தபடி. "என்னட்ட உண்மையைச் சொல்லு. நான் ஏசமாட்டன்."

"என்ன?"

"அந்தத் துவக்கு... உனக்காண்டியோ?"

"இல்லை."

"ஜோசப்பினாணைச் சொல்லு."

"ஜோசப்பினாணை இல்லை. கிரவுண்ட்ஹொக்குக்கு."

"அது என்ன கோதாரி?"

"பெரிய எலி மாதிரி."

"எலிக்கு ஆர் துவக்குத் தூக்கிறது? பொறி வையன்!"

"வைச்சனாங்கள். பொறியில இருந்த அப்பிளைத் திண்டிட்டுப் போட்டுது."

அவன் ஸ்டியரிங்கில் அடித்தான். வரிசை அசைந்தது. ஒன்று நாற்பது.

*

தோட்டத்து மண்பாதையில் இறங்கும்போது இரண்டு மணி தாண்டி மூன்று நிமிடம். நானாவின் ட்ரக் நின்றது. வெடித்திருந்தால் றசீனா கத்திக்கொண்டிருப்பார். கத்தல் இல்லை. காற்றில் கூடாரத்து பிளாஸ்டிக் படபடத்தது மட்டும்தான் கேட்டது.

கார் நிற்குமுன் இறங்கினேன்.

றசீனா கீரைப் பாத்தியில் குந்தி இருந்தார், முக்காட்டுக்கு மேல் ஒரு வைக்கோல் தொப்பி. என்னைக் கண்டதும் விரலை உதட்டில் வைத்தார்.

"ஷ்ஷ். துரை வந்திட்டார்."

கைகாட்டிய பக்கம் பார்த்தேன். இடது பக்கம், உரச்சாக்குகளுக்குப் பின்னால் நானா குப்புறப் படுத்திருந்தார். கன்னம் துவக்குக் கட்டையில். வாய் திறந்திருந்தது. வலது பக்கம், இருபது யார் தள்ளி, வளையின் வாயில் அந்தப் பிராணி இரண்டு காலில் எழும்பி நின்றது. முன்கால்களை வயிற்றில் கட்டிக்கொண்டு.

கத்த வாய் எடுத்தேன். நிறுத்தினேன்.

போன கிழமை, குதிரை வெருண்ட அன்று, நானா இதே மாதிரிப் படுத்திருந்தபோது றசீனா தேத்தண்ணீருக்குக் கூப்பிட்டார். நானா வெருண்டு, விரல் இழுபட்டு, ரவை வெண்டிக்குள் போனது. அன்று துவக்கு நல்ல துவக்கு. கத்தினால் பிராணி ஓடும். பிராணி ஓடினால் நானா அவசரமாக இழுப்பார். கத்தாவிட்டால் ஆறுதலாக இழுப்பார். இரண்டும் ஒன்றுதான்.

நானாவிடம் ஒரு விடயத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. குழலுக்கு முன்னால் மனிதர் வந்தால் விரல் தன்பாட்டில் விலகும். முதல் நாளே எனக்கு அதைத்தான் சொல்லித் தந்தார். வேறு எதையும் பெரிதாகச் சொல்லித் தரவில்லை.

பயற்றைப் பந்தலுக்குள்ளால் நடந்தேன். ஓடவில்லை. ஓடினால் இலை சரசரக்கும். பத்து அடி, பன்னிரண்டு அடி. பந்தலின் கடைசிக் கம்பைத் தாண்டி வெட்டைவெளிக்கு வந்தேன். நானாவுக்கும் பிராணிக்கும் நடுவில் நின்றேன். நானாவைப் பார்த்துத் திரும்பினேன். இரண்டு கையையும் விரித்தேன்.

குழலின் வாய் தெரிந்தது. மிகச் சின்ன வட்டம். உள்ளே கறுப்பு.

ஒரு வருடத்தில் முதல் தடவையாக, விலகி ஓட வேண்டும் போல இருந்தது. 

"டேய்!"

குழல் நிலத்துக்குப் போனது. நானா முழங்காலில் எழும்பினார்.

"டேய், உனக்குப் பைத்தியமா? சாகவா வந்த நீ? அல்லாஹ்வே, விரல் பட்டிருந்தா..."

அவர் முடிக்கவில்லை. பின்னால் இருந்து ஏதோ என்னை அடித்தது. மரியரட்ணம். வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி ஓடிவந்து, இரண்டு கையாலும் என்னைக் கட்டிப் பிடித்து விழுத்தினான். நாங்கள் உருண்டு கீரைப் பாத்திக்குள் விழுந்தோம். அவன் எனக்கு மேல் கிடந்தான். விடவில்லை.

"ஐயோ, என்ட கீர!" என்றார் றசீனா.

"விடடா," என்றேன். "நானா, துவக்கைக் கீழ வையுங்கோ. குழல் அடைச்சிருக்கு."

"என்ன அடைச்சிருக்கு?"

"நேத்து ஆறாவது. அது வெளிய வரேல்லை."

நானா துவக்கைப் பார்த்தார். பிறகு, அது கடிக்கும் என்பதுபோல மெதுவாகச் சாக்கின் மேல் வைத்தார்.

நான் எழும்பி அட்டையைக் கொடுத்தேன். நானா சூரியனுக்கு எதிரே பிடித்து எண்ணினார். உதடு அசைந்தது. ஐந்தில் நின்றது. மறுபடி ஒன்றில் இருந்து எண்ணினார்.

பிறகு துவக்கின் பின்பக்கத்தைத் திறந்து ரவையை வெளியே எடுத்தார். பின்பக்கத்தால் பார்த்தால் குழலின் மறுமுனையில் வானம் ஒரு பொட்டாகத் தெரிய வேண்டும். பார்த்தார். என்னிடம் தந்தார். பார்த்தேன். வானம் இல்லை.

குழல் துடைக்கிற கம்பியை எடுத்து முன்னால் விட்டார். ஒரு சாண் போனது. நின்றது. 'டிக்' என்ற சத்தம். அந்தச் சத்தத்தை நாங்கள் நான்கு பேரும் கேட்டோம்.

கொட்டிலில் வைத்து, மரச்சுத்தியலால் கம்பியின் மேல் மெதுவாகத் தட்டித் தட்டி அதை வெளியே எடுத்தார். கால் மணி நேரம் எடுத்தது. உள்ளங்கையில் விழுந்தது. பயற்றை விதையளவு ஈயம். அவ்வளவுதான்.

நானா கவிழ்த்து வைத்த வாளியில் உட்கார்ந்தார்.

"பிஸ்மி சொல்லி மூச்சப் பிடிச்சிட்டன்," என்றார். "நீ வராட்டி..." கையைத் தன் முகத்துக்கு முன்னால் ஒருமுறை அசைத்தார்.

"மூண்டு தரம் பேஜ் பண்ணினன் நானா."

"பேஜர் ட்ரக்குக்குள்ள கிடக்கு. அது கீ கீ எண்டு கத்தினா துரை ஓடிருவார் எண்டு வெச்சிட்டு வந்த."

"கெமிஸ்ட், கெமிஸ்ட் எண்டு அந்தப் பொடியன ஏத்திவிட்டது ஆரு?" என்றார் றசீனா. வைக்கோல் தொப்பியைக் கழற்றி எறிந்தார். "குதிரக்கிப் பயந்து தலயக் குடுக்கப் பாத்தீங்க. ரெண்டு பேருக்கும் ஒரு மண்டைக்குரிய மூள இல்ல." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ சாப்பிட்டியா?"

"இல்லை."

"இண்டைக்குத்தானே ஆண்டு நினைவு? அங்க சனம் இருக்க, நீ இஞ்ச என்ன செய்றாய்?"

இவ்வளவு நடந்த பிறகு அந்தக் கேள்வி. மரியரட்ணம் சிரித்தான். நிறுத்த முடியாமல் சிரித்தான். பிறகு அது சிரிப்பாக இல்லை. கொட்டில் வாசலில் உட்கார்ந்து வேட்டி நுனியால் முகத்தை மூடிக்கொண்டான். வேட்டி முழுக்கக் கீரையும் மண்ணும்.

பக்கத்தில் போய் இருந்தேன்.

"நீ போய் முன்னுக்கு நிண்டவுடன நான் நினைச்சன்," என்றான். "சரி, இதுக்குத்தான் என்னை வேலை மினக்கெட்டுக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான் எண்டு."

"கத்தினால் சுட்டிருப்பார்."

"அது இப்ப தெரியுது."

றசீனா நசுங்கிய கீரையைப் பொறுக்கத் தொடங்கினார்.

"எனக்குப் பயமாயிருந்தது," என்றேன்.

"ஆ?"

"குழலைக் கண்டவுடன. நல்லாப் பயந்திட்டன்."

அவன் வேட்டியை முகத்தில் இருந்து எடுத்தான். என் தலையில் ஒட்டியிருந்த கீரையை எடுத்துப் போட்டான்.

"பயப்படு," என்றான். "வடிவாப் பயப்படு."

*

திரும்பி வந்தபோது மூன்றே முக்கால். நானாவின் ட்ரக் எங்களுக்குப் பின்னால் வந்தது. மாற்றிய ரவைகள் நாற்பத்து நான்கும் அதற்குள் ஒரு பெட்டியில் இருந்தன. திங்கட்கிழமை நானா அவற்றைப் பொலிஸ் நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். என்ன சொல்லிக் கொடுத்தார் என்று நான் கேட்கவில்லை. கிரவுண்ட்ஹொக் பனி கொட்டும்வரை தின்றது.

பார்ட்டி றூமில் அறுபது பேர் இருந்தார்கள். ஃபாதர் ஆசீர்வதித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். சிறுபிள்ளைகளுக்கு மட்டும் சோறு கொடுத்திருந்தார்கள். பெரியவர்கள் யாரும் தொடவில்லை. கிறிஸ்துநாயகம் அங்கிள் கிடாரத்துக்கு முன்னால் கதிரை போட்டுக் காவல் இருந்தார். வாய் அசைந்துகொண்டிருந்தது.

"வடை கணக்கில்லை," என்றார். பிறகு மரியரட்ணத்தின் வேட்டியைப் பார்த்தார். "நீங்கள் ரெண்டு பேரும் தோட்டத்துக்குப் போனியளோ, தோட்டத்தைக் கொத்திப்போட்டு வாறியளோ?"

"பிறகு சொல்லுறன் அங்கிள்."

"சொல்லாட்டி விடமாட்டன். முதல்ல என்ர அட்டையைத் தா. ஓட்டை இல்லாத ஒண்டாப் பாத்து."

கொடுத்தேன். ஓட்டை அட்டை என் கோட்டுப் பைக்குள் இருந்தது. ஈயமும் அங்கேதான்.

றசீனா கொண்டுவந்த நசுங்கிய கீரையைச் சமையல்காரப் பெண்கள் வாங்கி, யார் இதன்மேல் படுத்தது என்று கேட்டார்கள். நான் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு கிடாரத்தின் முன்னால் நின்றேன். முதல் அகப்பை என்னுடையது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பின்னால் குசினியில் யாரோ எதையோ தவறவிட்டார்கள். சின்ன மூடி. சின்னச் சத்தம். பேச்சுக்குள் யாருக்கும் கேட்கவில்லை. நான் மட்டும் திரும்பிப் பார்த்தேன். மூடி நிலத்தில் சுழன்று, சுழன்று, அடங்கியது. ஒரு பெண் அதைக் குனிந்து எடுத்தாள்.

அவள் அதை அதன் இடத்தில் வைக்கும்வரை பொறுத்திருந்தேன். பிறகு சோறு எடுத்தேன்.